குமாயூன் மலையில் ஓர் அர்த்தநாரி

ஹிமாலயத்தின் மடியில் உள்ள குமாயூன் பிரதேசத்தைத் தமிழ் நாட்டார் மூன்று வழிகளில் அறிந்திருக்கிறார்கள். வேட்டைக் கதைகளில் பிரியமுள்ளவர்களுக்கு அது ஜிம் கார்பெட் 1944-ல் வெளியிட்ட புத்தகத்தில் வரும் புலிகள் உலவிய காடு. தேச சரித்திரத்தில் பற்றுள்ளவர்களுக்கு, 1929-ல் மகாத்மா காந்தி கௌஸானியில் தங்கிக் கீதையைப் பற்றிய 'அநாஸக்தி யோக'த்துக்கு முன்னுரை எழுதிய இடம். பண்டித ஜவஹர்லால் நேரு 1935-ல் அல்மோராச் சிறையிலிருந்து தம் சுயசரிதையை எழுதி முடித்த இடம். க்ஷேத்திராடனம் செய்பவர்களுக்கோ, தேவதாரு மரங்களின் நிழலில் நூற்றுக்கு மேற்பட்ட சிறு கோயில்கள் கூடி நிற்கும் ஜாகேசுவரம்.

நான்காவது வழி ஒன்று உண்டு. அது சமையலறை வழி. அந்த வழியாகப் போனதில் ஒரு விசித்திரமான வழக்கைக் கேட்க நேர்ந்தது. வாதி மகன், பிரதிவாதி தாய், வழக்குப் பொருள் ஒரு செடி. அந்தச் செடியின் விதையை எடுத்து வைக்கலாமா, வேண்டாமா என்பதே கேள்வி. வீட்டுத் தோட்டத்தில் ஒரு பூசணி விதையையாவது எடுத்து வைத்திருக்கும் எவருக்கும் இந்தக் கேள்வி அந்நியமானதன்று என்பதால் அதை இங்கே சொல்லத் துணிந்தேன்.

மலைப் பாதை

தில்லியிலிருந்து வரும் ரயில் பாதை காத்கோதாம் என்னும் ஊரோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் மலை. மோட்டார் வண்டி பவாலி வழியாக ஏறி, பிறகு இறங்கிக் கோசி நதியை ஒட்டி வளைந்து வளைந்து சென்று, மீண்டும் ஏறுகிறது. ஏறக்குறையத் தொண்ணூறு கிலோமீட்டர் தூரத்தைக் கடந்து அல்மோராவை அடையும்போது, வயிற்றைப் பற்றிக் கவலைப்படாத பிரயாணி பாக்கியசாலி.

கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,640 மீட்டர் உயரத்தில், குதிரைச் சேணம்போல் வளைந்த ஒரு மலை முதுகின்மேல் அமைந்திருக்கிறது அல்மோரா. கல் பாவிய பழைய கடைவீதியில் செம்புப் பாத்திரம் செய்பவர்களின் சம்மட்டி ஓசை இன்னும் கேட்கிறது. வானம் தெளிந்த காலையில் வடக்கே திரும்பினால் 7,816 மீட்டர் உயரமுள்ள நந்தாதேவியும், திரிசூல் சிகரமும் கண்ணுக்குத் தெரியும்.

வங்காளத்து விஞ்ஞானியும், ஜகதீச சந்திர போஸின் மாணவருமான போஷி ஸென், 1924-ல் கல்கத்தாவில் தம் வீட்டிலேயே தொடங்கிய விவேகானந்த ஆராய்ச்சிசாலையை 1936-ல் இந்த ஊருக்குத்தான் மாற்றினார். இன்று அது இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் மலைப் பயிர்களைப் பற்றிய பெரிய ஆராய்ச்சி ஸ்தாபனமாக நடந்துவருகிறது. மலை நிலத்துக்கு ஏற்ற மக்காச்சோளக் கலப்பு விதைகளை உண்டாக்கிய இடம் அது. விதையின் அருமையை அறிந்த ஊர் என்பதைச் சொல்லவே இதை இங்கே குறிப்பிட்டேன்.

ஊரை விட்டு இறங்கினால் எங்கும் படிப்படியாக வெட்டிய வயல்கள். அங்கே விளையும் 'மண்டுவா' நம் கேழ்வரகு. 'கஹத்' நம் கொள்ளு. 'கதேரி' என்பது சேப்பங்கிழங்கின் இனம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே வந்து, சொந்த ஊர்க் கொல்லையில் நிற்பதுபோல் இருந்தது.

ஒரு துவையல்

தீபாவளி கழிந்த வாரத்தில், அல்மோராவுக்குச் சிறிது தூரத்தில் உள்ள ஒரு கிராமத்தில் ஒரு குடியானவர் வீட்டில் விருந்தினனாகத் தங்கினேன். கேழ்வரகு ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ஒரு துவையல் வைத்தார்கள். வறுத்த சிறு விதைகளை அம்மியில் வைத்து, சீரகம், பச்சை மிளகாய், உப்புச் சேர்த்து அரைத்து, மலை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்திருந்தார்கள். எள்ளுத் துவையலுக்கும் வேர்க்கடலைத் துவையலுக்கும் நடுவே ஒரு ருசி. என்ன விதை என்று கேட்டேன். 'பாங்' என்றார்கள்.

'பாங்' என்றால் கஞ்சாச் செடி. நம் வீடுகளில் அந்தப் பெயரைச் சொன்னாலே போலீஸ்காரர் ஞாபகந்தான் வரும். ஆகவே வாசகர்கள் திகிலடையாதிருக்க இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது: அந்தச் செடியின் போதை, பெண் பூங்கொத்துக்களை மூடியிருக்கும் பிசினில் இருக்கிறதேயன்றி விதையின் உள்ளே இல்லை. விதையில் இருப்பவை எண்ணெயும் புரதமுமே. எண்ணெய் மட்டும் நூற்றுக்கு முப்பது பங்கு அளவில் உண்டு. இரண்டாவது: 1985-ம் வருஷத்துப் போதைப் பொருள் தடுப்புச் சட்டம், பூங்கொத்தோடு சேராத விதையையும் இலையையும் 'கஞ்சா' என்ற சொல்லின் பொருளில் சேர்க்கவில்லை. 2021-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு அதிகார ஸ்தாபனம் இந்த விதையையும், அதன் எண்ணெயையும் மாவையும் உணவுப் பொருள்களாக அங்கீகரித்தது. ஆனால் செடியை வளர்ப்பது வேறு விஷயம். அரசாங்க அனுமதியின்றி வளர்ப்பது குற்றம். உத்தரகண்ட் ராஜ்யம் 2018-ல் நாருக்காகவும் விதைக்காகவும் இதைப் பயிரிட உரிமம் வழங்கத் தொடங்கிற்று. பயிரில் போதைச் சத்து நூற்றுக்கு 0.3 பங்குக்கு மேற்படலாகாது என்பது நிபந்தனை. மலையின் நாட்டுச் செடிகள் எல்லாமே இந்த வரம்புக்குள் அடங்குவதில்லை.

நான் தங்கிய வீட்டார் உரிமம் பெற்றவர்கள். அவர்களுடைய பயிர் அந்த வருஷம் பரிசோதனையில் தேறியிருந்தது. அதாவது, பாட்டி காலத்திலிருந்து அந்த வீட்டுச் சுரைக்குடுக்கையில் இருந்துவந்த விதை, வெளியூர் விதையை விலைகொடுத்து வாங்காமலே சட்டத்துக்கும் உகந்ததாக நின்றுவிட்டது. இது சாமானியமான அதிர்ஷ்டம் அன்று. பக்கத்தில் இரண்டு குடும்பங்கள் புதிதாக உரிமம் பெற்று, அடுத்த பருவத்துக்கு இவர்களிடமே விதை கேட்டிருந்தன. மகனும் கொடுப்பதாக வாக்களித்திருந்தான்.

ஆணும் பெண்ணும்

வழக்குக்கு வருமுன் செடியின் குணத்தைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

பனையில் ஆண் பனை வேறு, பெண் பனை வேறு என்பது நமக்குத் தெரியும். பாங் செடியும் அப்படியே. ஆண் செடி உயரமாகவும் மெலிந்தும் வளர்ந்து, மகரந்தத்தைக் காற்றில் தூவிவிட்டு, நான்கு முதல் ஆறு வாரங்கள் முன்னதாகவே உலர்ந்துவிடும். பெண் செடி தழைத்து நின்று, விதையை முற்றவைத்த பிறகே உலரும். ஆங்கில நாட்டுக் குடியானவர்கள் முற்காலத்தில் இதைத் தலைகீழாக நினைத்தார்கள். மெலிந்து சீக்கிரம் வாடும் செடியைப் பெண் என்று பொருள்படும் பெயராலும், திடமாக நின்று விதை தரும் செடியை ஆண் என்று பொருள்படும் பெயராலும் அழைத்தார்கள். திடமாக நிற்பது ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்ற அந்த எண்ணத்தைப் பற்றி நம் வீட்டுப் பெண்மணிகள் தங்கள் அபிப்பிராயத்தைத் தாங்களே சொல்லிக்கொள்ளலாம்.

ஆணும் பெண்ணும் தனித்தனி என்பது பொது விதி. ஆனால் அபூர்வமாக ஒரே செடியில் இரண்டு வகைப் பூவும் தோன்றுவதுண்டு. திருச்செங்கோட்டு மலைமேல் கோயில்கொண்ட மூர்த்தியை நினைத்துக்கொண்டு நான் அதை அர்த்தநாரிச் செடி என்று அழைக்கிறேன்.

வழக்கு

அந்த வீட்டு மகன் என்னை வயலுக்கு அழைத்துப்போனான். ஆண் செடிகளை முன்பே அறுத்து, நாருக்காக நீரில் ஊறப்போட்டுவிட்டார்கள். விதை முற்றிய பெண் செடிகள் மட்டும் நின்றன. வயலின் மேற்கு ஓரத்தில், பாதையை ஒட்டி ஒரு செடி. அதன் விதைக் கொத்துக்களின் நடுவே, உலர்ந்த ஆண் பூக்கள் சிறு மணிகளைப்போல் தொங்கிக்கொண்டிருந்தன.

"மாஸ்டர் ஸாப், இதுதான். பூவும் இதனுடையது, விதையும் இதனுடையது. இந்த விதையைத் தனியாக எடுத்து விதைத்தால் ஆண் செடியே முளைக்காது என்று படித்திருக்கிறேன். வயலில் பாதியை ஆண் செடிக்குக் கொடுப்பானேன்? எல்லாம் விதை தரும் செடியானால் விளைச்சல் இரட்டிப்பாகாதா?" என்றான்.

வீட்டுக்குத் திரும்பியதும் அவன் தாயாரிடம் இந்தப் பேச்சு மீண்டும் எழுந்தது. தாயை அங்கே 'இஜா' என்று அழைக்கிறார்கள். இஜா, விதைகளை முறத்தில் புடைத்துக்கொண்டே, தலை நிமிராமல் பதில் சொன்னாள்.

"அரைப்பதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள். குடுக்கையில் போடாதே."

"ஏன், இஜா?"

"என் மாமியார் போடவில்லை. ஓரத்துச் செடியிலிருந்தும் எடுக்க மாட்டாள். ஊரோடு ஒவ்வாத செடியிலிருந்தும் எடுக்க மாட்டாள். நடு வயலில், நாலு பேரைப் போல நிற்கிற செடிகளாகப் பார்த்துப் பத்து இருபது செடியிலிருந்து எடுப்பாள்."

மருமகள் அடுப்பங்கரையிலிருந்து இன்னொரு நியாயத்தை எடுத்துக் கொடுத்தாள்: "ஆண் செடி வேண்டாம் என்றால் மாட்டுக்குக் கயிறு எதில் திரிப்பது? மெல்லிய நார் அதில்தானே வருகிறது, இஜா?"

பிறகு மூவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பள்ளிக்கூட வாத்தியாராக இருப்பதன் கஷ்டம் இதுதான்; எந்த ஊருக்குப் போனாலும் விடைத்தாள் திருத்தச் சொல்லிவிடுகிறார்கள். ஹிந்திப் பிரசார சபைப் பரீட்சைகளுக்குப் படித்த ஹிந்தியைக்கொண்டு, எனக்குத் தெரிந்ததை அன்றிரவு அவர்களுக்குச் சொன்னேன். அதன் சாராம்சம் வருமாறு.

ஜெர்மானியப் பண்டிதரின் தலைவலி

இந்தச் செடி பெரிய பெரிய மேதாவிகளையே திகைக்க வைத்திருக்கிறது. ஜெர்மனியில் ட்யூபிங்கன் நகரத்துத் தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்த காமெராரியுஸ் என்பவர், 1694-ல் தாவரங்களுக்கும் ஆண், பெண் பேதம் உண்டு என்பதைச் சோதனைகளின் மூலம் நிலைநாட்டினார். ஆமணக்கில் ஆண் பூக்களைக் கிள்ளிவிட்டார், விதை பிடிக்கவில்லை. மக்காச்சோளக் கதிரின் நூல்களைக் கத்தரித்தார், மணி பிடிக்கவில்லை. எல்லாம் அவர் சொன்னபடி நடந்தது. பாங் செடி மாத்திரம் அவருக்குப் பணியவில்லை. பெண் செடிகளை ஆண் செடிகளிடமிருந்து பிரித்துத் தனியே வைத்தும் விதை பிடித்தது! பண்டிதருக்கு இது பெரிய மனக்குறையாகவே இருந்தது. அடுத்த நூற்றாண்டில் இத்தாலியரான ஸ்பல்லன்ஸானியும் இதே செடியை வைத்துச் சோதனை செய்து, விதை பிடிப்பதற்கு மகரந்தம் அவசியமில்லைபோலும் என்ற முடிவுக்கே வந்துவிட்டார்.

தனித்து நிற்கும் பெண் செடி சில சமயங்களில் தானே சில ஆண் பூக்களை விடுகிறது. அவை இலைக் கக்கத்தில் மறைந்திருந்து, பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன என்பது இன்று பொதுவாகக் கூறப்படும் விளக்கம்.

அப்படிப் பெண் செடி விட்ட மகரந்தத்தில் ஆணை உண்டாக்கும் குரோமோசோம் கிடையாது. ஆகையால் அந்த மகரந்தம் அதே செடியில் சேர்ந்து உண்டான விதையில் ஆண் செடி பிறப்பதில்லை. இந்த அளவில் மகன் படித்தது உண்மையே. ஆனால் ஒன்று: தாய்க்கு இருந்த இருபால் போக்கும் அந்த விதைகளில் தொடரக்கூடும்.

வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும்

அந்தப் போக்கு நன்மையா, தீமையா? அது பயிரிடுகிறவனின் நோக்கத்தைப் பொறுத்தது. இரண்டு ஊர்களின் கதையைச் சொன்னால் இது விளங்கும்.

வங்காளத்தில் ராஜஷாஹி ஜில்லாவைச் சேர்ந்திருந்த நவ்காவ் என்ற பகுதி, பிரிட்டிஷ் ஆட்சியில் சர்க்கார் உரிமத்தின் கீழ்க் கஞ்சா விளைந்த இடம். 1893, 1894-ம் வருஷங்களில் விசாரணை நடத்திய கஞ்சாக் கமிஷன் இந்த ஊர்ச் சாகுபடியை விரிவாக வர்ணித்திருக்கிறது. 1917-ல் குடியானவர்கள் கூட்டுறவுச் சங்கமே ஏற்படுத்திக்கொண்டார்கள். இன்று பங்களாதேசத்தைச் சேர்ந்த அவ்வூரில் 1987-ல் அந்தச் சாகுபடி நிறுத்தப்பட்டது. அங்கே விதை பிடிப்பதே நஷ்டம்; விதை நிறைந்த பூவுக்கு மதிப்பில்லை. ஆகையால் 'போத்தார்' என்ற நிபுணரைக் கூலிக்கு அமர்த்தி, வயலெல்லாம் நடக்கவிட்டு, ஆண் செடிகளைத் தேடித் தேடிப் பிடுங்கினார்கள். ஆண் பூ ஒளிந்திருக்கும் செடி அவர்களுக்குத் திருடனைப் போல.

உக்ரைன் நாட்டில், ருஷிய எல்லைக்கு அருகே ஹ்லூஹிவ் என்று ஒரு நகரம். 1931-ல் அங்கே நார்ப் பயிர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. அங்கே கேள்வி வேறு. ஆண் செடி முன்னால் உலர்ந்து, பெண் செடி பின்னால் முற்றினால், அறுவடை இயந்திரத்தை எப்பொழுது வயலில் இறக்குவது? ஆண் செடிகளைக் கையால் அறுக்க எத்தனை ஆட்கள் வேண்டும்? ஆகவே கிரிஷ்கோ என்ற விஞ்ஞானி, 1930-க்குப் பின் வந்த வருஷங்களில், பிறர் ஒதுக்கிய இருபால் செடிகளையே தேடி எடுத்து, அவற்றின் விதையைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி, எல்லாச் செடியும் ஒன்றாக முற்றும் ரகங்களை உண்டாக்க முற்பட்டார். பிற்பாடு ஜெர்மனியிலும் பிரான்சிலும் அத்தகைய ரகங்கள் ஏற்பட்டன. இன்று ஐரோப்பாவில் நாருக்கும் விதைக்கும் பயிராகும் ரகங்களில் பல இந்த வகையைச் சேர்ந்தவை.

நம் ஊரிலும் இதற்கு உதாரணம் உண்டு. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் 'கோ 3', 'கோ 7' பப்பாளி ரகங்களில் பெண் மரமும் இருபால் மரமுந்தான் உண்டு. ஆண் மரம் கிடையாது. அவற்றில் இருபால் மரத்து விதை விரும்பத் தக்கதே.

இதைக் கேட்டதும் மகனுடைய முகம் மலர்ந்தது. ஆனால் ஹ்லூஹிவ் கதைக்கு ஒரு பிற்பகுதி உண்டு. பப்பாளியின் இருபால் தன்மை நிலையான ஒரு பிறவிக் குணம். பாங் செடியிலோ அது பல படிகளில் ஏறி இறங்கும் ஒரு போக்கு. வருஷந்தோறும் வயலில் புகுந்து, தலைகாட்டும் ஆண் செடிகளை மகரந்தம் சிந்துமுன் பிடுங்காவிட்டால், சில தலைமுறைகளுக்குள் பயிர் பழையபடி ஆணும் பெண்ணுமாகப் பிரிந்துவிடுகிறது. மகரந்தம் காற்றில் கிலோமீட்டர் கணக்கில் பறப்பதால், அத்தகைய ரகத்தின் ஆதார விதையைப் பெருக்கும் வயலுக்கும் வேறு பாங் வயலுக்கும் இடையே 5,000 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று ஐரோப்பிய விதைச் சட்டம் விதித்திருக்கிறது. ஐந்து கிலோமீட்டர்! குமாயூன் பள்ளத்தாக்கில் ஐந்து கிலோமீட்டருக்குள் எத்தனை கிராமங்கள் அடங்கும் என்று மகனையே எண்ணச் சொன்னேன். அவன் விரல் விட்டு எண்ணத் தொடங்கி, நிறுத்திவிட்டான்.

தெரு விளக்கு

மறுநாள் மாலை, அந்தச் செடியை மறுபடியும் பார்க்கப் போனோம். இருட்டும்போது ஒரு விஷயம் புலப்பட்டது. செடிக்கு நேர் மேலே, பாதையோரத்துக் கம்பத்தில் சூரிய சக்தி விளக்கு ஒன்று எரிந்தது. அந்த வருஷந்தான் அதை நாட்டியிருந்தார்கள்.

பாங் செடி, இரவு நீளும் காலத்தை அறிந்து பூக்கும் இனம். இரவு இருட்டாக இருப்பதுதான் அதற்குப் பஞ்சாங்கம். நடு இரவில் வெளிச்சம் பட்டால் அதன் கணக்குத் தடுமாறும். பூக்கும் காலம் பிந்தும். பெண் செடியில் ஆண் பூ தோன்றவும் கூடும். வறட்சியும் காயமும்கூட அவ்வாறு செய்வதுண்டு.

எனவே இந்தச் செடியின் அர்த்தநாரிக் கோலம் பிறவிக் குணமா, விளக்கு வெளிச்சத்தின் விளைவா? ஒரே செடியைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. விதையைப் பார்த்தோ, சுத்தமாகச் சொல்ல முடியாது. அதோடு, விதை பிடித்த காலத்தில் வயல் நிறைய ஆண் செடிகள் நின்றன. ஆகையால் அந்த விதைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தகப்பன் பக்கத்துச் செடிகளாகவே இருக்கக்கூடும். 'ஆண் செடியே முளைக்காது' என்ற மகனுடைய கணக்கு, தனித்து வைத்த செடிக்குப் பொருந்துமேயன்றி, திறந்த வயலில் நின்ற செடிக்குப் பொருந்தாது.

இன்னொன்றையும் மறக்கலாகாது. அந்தச் செடியின் மகரந்தமும் சும்மா இருந்திருக்காது. சுற்றுப்புறத்துப் பெண் செடிகளின் விதையிலும் அதன் பங்கு கொஞ்சம் கலந்திருக்கலாம்.

தீர்ப்பு

இவ்வளவையும் கேட்ட பிறகு மகன் வெகுநேரம் பேசவில்லை. அவனுடைய கஷ்டம் எனக்குத் தெரிந்தது. மேற்கு ஓரத்துச் செடிகளின் விதையெல்லாம் சந்தேகத்துக்கு இடமானது என்றால், குடுக்கைக்குப் போகும் விதை பெரிதும் குறைந்துவிடும். தன் வயலுக்கே சரியாக இருக்கும்; அயல் வீட்டார் இருவருக்குக் கொடுத்த வாக்கு என்னாவது?

"மேற்கு ஓரத்து விதையை அவர்களுக்குக் கொடுத்துவிடலாமா? முளைக்காமல் போகாதே!" என்று மெல்லக் கேட்டான்.

இஜா அப்பொழுதுதான் முறத்தைக் கீழே வைத்தாள்.

"நல்ல விதையை முதலில் அவர்களுக்கு அளந்து கொடு. மிஞ்சியதை நாம் விதைப்போம். அவர்கள் வயலுக்கும் நம் வயலுக்கும் நடுவே என்ன இருக்கிறது? காற்றுத்தானே? இந்த வருஷம் நாம் கொடுக்கிற விதை, அடுத்த வருஷம் பொடியாக நம் வயலுக்கே திரும்பி வரும்" என்றாள்.

மகரந்தத்தை அவர்கள் 'பொடி' என்றே சொல்கிறார்கள். நான் புத்தகத்தில் படித்து 5,000 மீட்டர் என்று சொன்னதை அந்த அம்மாள் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள்: காற்று.

மறுநாள் காலையில் வேலை தொடங்கிற்று. விளக்கடிச் செடியையும் அதைச் சுற்றி நின்றவற்றையும் முதலில் அறுத்து, வேறு களத்தில் தட்டி, அந்த விதையை வறுப்பதற்கென்று தனிப் பானையில் கொட்டினார்கள். பிறகு கிழக்குப் பக்கத்து மேல் படிகளில், செடி செடியாகப் பார்த்து, பலவற்றிலிருந்து ஒவ்வொரு பிடி விதை எடுத்தார்கள். அயல் வீட்டாருக்கு வாக்களித்ததில் பாதி அளவே தேறியது. மகன் அதை எடுத்துக்கொண்டு தானே இரண்டு வீட்டுக்கும் போய், காரணத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தான். அவ்விரு வீட்டாரும் குறைவாகக் கிடைத்ததைப் பற்றிக் குறைப்பட்டதாகத் தெரியவில்லை. ஒரு வீட்டிலிருந்து மாலையில் ஒரு கூடை எலுமிச்சம்பழம் வந்து சேர்ந்தது.

நாம் எண்ண வேண்டியது

இருபால் செடியின் விதையை வைக்கலாகாது என்பது எங்கும் பொருந்தும் விதியன்று. ஹ்லூஹிவ் விஞ்ஞானிகள் அவ்வாறு எண்ணியிருந்தால் ஐரோப்பாவின் இருபால் ரகங்கள் பிறந்திருக்கமாட்டா. ஆனால் அவர்களிடம் தனித்த வயல் இருந்தது. பல தலைமுறைகளைக் கணக்கெடுக்கும் பதிவேடு இருந்தது. தவறிப் பிறந்ததைப் பிடுங்கி எறிய ஆட்கள் இருந்தார்கள். அத்தகைய பண்ணைகளில், அத்தகையவர்கள் கையில், விளக்கடிச் செடியின் விதையும் ஒரு செல்வமே. ஒரு பள்ளத்தாக்குக்கே விதையாக இருக்கும் ஒரே சுரைக்குடுக்கையில் அதைப் போடுவது வேறு காரியம். பண்ணையில் தவறு நேர்ந்தால் ஒரு பாத்தியோடு போகும். குடுக்கையில் தவறு நேர்ந்தால் அடுத்த வருஷமே காற்றில் ஏறிவிடும். அதைத் திரும்ப அழைக்க முடியாது.

சுதேசிப் பொருளைப் போற்ற வேண்டும், நம் நாட்டு விதையைக் காக்க வேண்டும் என்று நாம் பேசுகிறோம். காப்பது என்றால் அகப்பட்டதையெல்லாம் சேர்த்து வைப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். குமாயூன் கிழவி ஒருத்தி அதை வேறுவிதமாகப் புரிந்துகொண்டிருக்கிறாள். எதை வைப்பது, எதை விலக்குவது என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்த கண்கள் பல தலைமுறைகளாக அந்த வீட்டில் இருந்தன. அதனாலேதான் அவர்களுடைய விதை இன்று சர்க்கார் பரிசோதனையிலும் தேறி நிற்கிறது. அந்தக் கண்கள் இல்லாத வீட்டில் குடுக்கை நிறைய விதை இருந்தும் பயனில்லை.

விதை நெல்லைச் சமைத்து உண்ணலாகாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். சில விதைகளைச் சமைத்து உண்டுவிடுவதுதான் தர்மம் என்பதையும் அதனோடு சேர்த்துக்கொள்ளலாம். அல்மோராப் பக்கம் போகிற வாசகர்கள், கடைவீதியில் பால் மிட்டாயோடு திருப்தியடைந்து திரும்பாமல், ஏதாவது ஒரு வீட்டில் அந்தத் துவையலையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுப் பார்க்கவேண்டும். சேப்பங்கிழங்குக் கறியில் அந்த விதையை அரைத்து ஊற்றியிருந்தால் இன்னும் விசேஷம்.